சுவரில் ஒரு படம், தாளில் அதே படம்: கண்காட்சி, புகைப்பட நூல், பொது நிகழ்ச்சி பற்றிய அனுபவப் பகிர்வு

தொடக்கப் பதிவு

படம் எடுப்பது பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எடுத்த படம் பார்ப்பவர் கண்ணுக்குப் போய்ச் சேரும் கடைசிக் கட்டத்தில் என்ன கெடுகிறது, ஏன் கெடுகிறது என்று எழுதுபவர்கள் குறைவு. படத்துக்குச் சட்டம் போடுபவர், விளக்கு அமைப்பவர், அச்சக வேலை தெரிந்தவர், நிகழ்ச்சி நடத்துபவர் எல்லோரும் இங்கே இருப்பதால் கேட்கிறேன்: அடிக்கடி எதிர்ப்படும் சிக்கலையும் அதற்கான வழியையும் அளவோடு எழுதுங்கள். படிப்பவர் நாளைக்கே செய்து பார்க்கும்படி இருக்கட்டும். சுவரில் மாட்டும் கணக்கிலிருந்து நானே தொடங்குகிறேன்.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 155 செ.மீ. உயரத்தில் வர வேண்டும். 150 என்று முடிவு செய்தால் அரங்கு முழுக்க 150தான். சின்னப் படமும் பெரிய படமும் அடுத்தடுத்து வந்தால் மேல் விளிம்பை ஒரே கோட்டில் நிறுத்தக் கூடாது, நடுப்பகுதியை நிறுத்த வேண்டும். கொக்கியின் உயரத்துக்கு, நடு உயரத்தோடு சட்டத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, சட்டத்தின் மேல் விளிம்புக்கும் பின்னால் கட்டிய கம்பிக்கும் உள்ள தூரத்தைக் கழிக்க வேண்டும். சட்டம் 70 செ.மீ. உயரம், கம்பி 6 செ.மீ. கீழே என்றால் 150 + 35 − 6 = 179 செ.மீ. அந்த 6-ஐ அளக்கும்போது கம்பியை விரலால் மேலே இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். தளர்ந்த கம்பியை அளந்தால் படம் மாட்டிய பிறகு 1 அல்லது 2 செ.மீ. கீழே இறங்கிவிடும்.

இடைவெளிக்கு ஒரு கணக்கு. சுவர் 600 செ.மீ., 50 செ.மீ. அகலத்தில் 7 படங்கள். இடைவெளி 25 செ.மீ. என்று வைத்தால் 350 + 150 = 500. மீதி 100-ஐ இரண்டு ஓரத்துக்கும் 50, 50 என்று பிரித்துவிடலாம். முதல் படத்தின் நடு 75-இல் வரும், அடுத்தது 150, பிறகு 225, இப்படியே 525 வரை. எல்லா அளவையும் சுவரின் ஒரே ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும். ஒரு சட்டத்திலிருந்து அடுத்த சட்டத்துக்கு என்று அளந்து போனால், ஒவ்வொன்றிலும் 2 மி.மீ. பிசகினாலும் ஏழாவது படத்தில் 12 மி.மீ. தள்ளிப்போகும். அது கண்ணை உறுத்தும்.

நடுவில் ஒரே கொக்கியில் தொங்கும் படம், பக்கத்தில் யாராவது கதவைச் சாத்தினால்கூடச் சாயும். சட்டத்தின் இரண்டு பக்கமும் வளையம் வைத்து, இரண்டு கொக்கியில் மாட்டினால் மூன்று மாதம் ஆனாலும் நகராது. ரசமட்டம் வைத்துப் பார்ப்பது கடைசி வேலை.

மறுமொழி 1

சட்டத்துக்கு உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். இங்க்ஜெட் பிரிண்ட் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் மையில் உள்ள கரைப்பான் வெளியேற இன்னும் நேரம் எடுக்கும். குறைந்தது 24 மணி நேரம், மேலே பூச்சில்லாத சாதாரணத் தாளை விரித்து வைத்து, நடுவில் ஒருமுறையாவது அந்தத் தாளை மாற்ற வேண்டும். அவசரப்பட்டுச் சட்டம் போட்டால் திறப்பு விழா முடிந்த வாரத்தில் கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்தது போல மங்கும். படத்தின் கறுப்புப் பகுதிக்கு நேராக அந்த மங்கல் நன்றாகத் தெரியும். அழுக்கு என்று நினைத்து வெளியிலிருந்து எவ்வளவு துடைத்தாலும் போகாது. சட்டத்தைப் பிரித்துத்தான் துடைக்க வேண்டும்.

கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. படத்தைச் சுற்றி வைக்கும் சாளர அட்டையான மவுண்ட் போர்டின் கனம் சுமார் 1.5 மி.மீ. நடுத்தர அளவுக்கு அது போதும். மவுண்ட் இல்லாமல் தாளின் ஓரம் தெரியும்படி வைப்பதென்றால் 5 மி.மீ. கட்டை கொடுத்துக் கண்ணாடியைத் தூக்கி நிறுத்த வேண்டும். ஈரப்பதம் ஏறியதும் ஜெலட்டின் மேற்பரப்பு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு பிரித்தால் படம் கண்ணாடியோடு போய்விடும்.

படத்தை நான்கு பக்கமும் ஒட்டுவது இன்னொரு தவறு. தாள் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நகர இடமில்லை என்றால் நடுவில் அலை அலையாக எழும். மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு இடத்தில், ஜப்பானியத் தாள் துண்டும் கோதுமை மாவுச் சத்துப் பசையும் வைத்துப் பிடித்தால் போதும். தாளுக்கு ஓரம் விட்டு அச்சிட்டிருந்தால் மூலைப் பைகளே போதும், பசையே வேண்டாம். செலோ டேப் பக்கமே போகாதீர்கள்.

கண்ணாடி போட்ட படத்தை வண்டியில் ஏற்றும்போது கண்ணாடி மேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவது வழக்கம். உடைந்தாலும் சில்லுகள் படத்தைக் கிழிக்காது. ஆனால் அக்ரிலிக் மீதும், பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுள்ள கண்ணாடி மீதும் டேப் ஒட்டக் கூடாது. பூச்சு உரிந்து வரும். துடைக்கும்போது திரவத்தைத் துணியில்தான் தெளிக்க வேண்டும். கண்ணாடியில் தெளித்தால் வழிந்து சட்டத்தின் இடுக்கில் இறங்கி மவுண்டில் கறை ஏற்றும்.

மறுமொழி 2

விளக்கு. செங்குத்திலிருந்து 30 பாகை சாய்வு என்பது பொதுவான அளவு. கூரை 350 செ.மீ., படத்தின் நடு 150 செ.மீ. என்றால் வித்தியாசம் 200. அதை 0.58-ஆல் (30 பாகையின் tan மதிப்பு) பெருக்கினால் சுமார் 115 செ.மீ. சுவரிலிருந்து அவ்வளவு தள்ளி விளக்குத் தண்டவாளம் வர வேண்டும். சுவருக்கு நெருங்கினால் சட்டத்தின் நிழல் படத்தின் மேல் பகுதியில் விழும். தள்ளிப் போனால் பார்ப்பவரின் நிழலே படத்தில் விழும், கண்ணாடியில் விளக்கும் தெரியும்.

வேதி முறையில் எடுத்த வண்ண அச்சுகளுக்கும், முட்டை வெண்கருப் பூச்சுள்ள பழைய ஆல்புமின் அச்சுகளுக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) பாதுகாப்பான அளவு. வெளிச்சத்தின் சேதம் கூடிக்கொண்டே போகும் கணக்கு. 50 லக்ஸில் தினம் 8 மணி நேரம் 90 நாள் வைத்தால் 36,000 லக்ஸ் மணி. 200 லக்ஸில் அதே சேதம் 22 அல்லது 23 நாளில் வந்துவிடும். பழைய மூலப் படத்தை நீண்ட நாள் காட்ட வேண்டுமானால் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், அல்லது பாதியில் படத்தை மாற்ற வேண்டும்.

இதில் அச்சுப் போடுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அச்சைச் சரிபார்க்கும் பெட்டியில் தர அளவு 2,000 லக்ஸ். அங்கே அழகாகத் தெரிந்த நிழல் விவரம், மங்கலான அரங்கில் ஒரே கறுப்பாகிவிடும். அரங்கின் விளக்கிலேயே ஒரு சோதனை அச்சை மாட்டி, 2 மீட்டர் தள்ளி நின்று, கண் பழக ஐந்து நிமிடம் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நிழல் பகுதியை எவ்வளவு வெளுப்பாக்குவது என்று முடிவு செய்ய வேண்டும். கணினித் திரையை நம்பி முடிவு செய்யும் படங்களில்தான் கறுப்புச் சட்டைக்காரரின் தோள் இருட்டில் காணாமல் போகிறது.

மறுமொழி 3

விளக்கச் சீட்டு பற்றி யாரும் எழுதவில்லை. எழுத்து 18 புள்ளிக்குக் குறையக் கூடாது, அட்டை பளபளப்பில்லாமல் இருக்க வேண்டும், உயரம் 120 முதல் 140 செ.மீ. எல்லாப் படத்துக்கும் ஒரே பக்கத்தில் வையுங்கள். சில படங்களுக்கு இடமும் சிலவற்றுக்கு வலமும் வைத்தால், இரண்டு படத்துக்கு நடுவில் உள்ள சீட்டு யாருடையது என்று தெரியாது.

மறுமொழி 4

நூலுக்கு வருவோம். சுவரில் வேலை செய்த படம் தாளில் தானாக வேலை செய்யாது, அதற்கு முக்கியக் காரணம் மடிப்பும் மையும்தான்.

ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடித்த 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 16-இல் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் உண்மையிலேயே ஒரே தாளாக இருப்பது நடுவில் மட்டும், அதாவது 8-9. அடுத்த ஃபாரத்தில் 24-25, அதற்கடுத்து 40-41. மற்ற எல்லா இடத்திலும் இடப் பக்கம் ஒரு தாள், வலப் பக்கம் வேறு தாள். மடிப்பில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அடிவானக் கோடு படியேறும், இரண்டு பக்கத்துக்கும் மையின் அடர்த்தியும் வேறுபடும். இரண்டு பக்கமும் விரியும் முக்கியமான படத்தை ஃபாரத்தின் நடுவில் வரும்படி வரிசையை நகர்த்துங்கள். 96 பக்க நூலில் அப்படி 6 இடம் கிடைக்கும். இதை வடிவமைப்பு முடிந்த பிறகு யோசித்தால் எல்லாப் பக்கத்தையும் கலைக்க வேண்டியிருக்கும்.

தையல் பைண்டிங்கில் பக்கம் ஓரளவு தட்டையாக விரியும். தைக்காமல் பசையால் ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் ஒவ்வொரு பக்கத்திலும் 6 முதல் 10 மி.மீ. நூலின் முதுகுக்குள் போய்விடும். முகம், கண், கை அந்த இடத்தில் வந்தால் படமே போயிற்று. முதுகுப் பக்கம் அந்த அளவுக்குப் படத்தின் அதே பகுதியை இரண்டு பக்கத்திலும் மறுபடி அச்சிடுவது ஒரு வழி, ஆனால் அது கோடுகள் நிறைந்த கட்டடப் படத்துக்கு உதவாது.

மையின் விஷயம் பலருக்குத் தெரியாது. ஆஃப்செட் மெஷினில் மையைக் கூட்டுவதும் குறைப்பதும் தாள் ஓடும் திசையில் பட்டை பட்டையாகத்தான் நடக்கும். ஒரே பட்டையில் முன்னால் இருண்ட இரவுக் காட்சியும் பின்னால் குழந்தையின் முகமும் வந்தால், இரவுக் காட்சிக்காகக் கறுப்பைக் கூட்டும்போது முகமும் அழுக்காகும். மெஷின் பக்கத்தில் நின்று இதைத் தீர்க்க முடியாது, இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் முடியும். அச்சுத் தகடு (பிளேட்) போடுவதற்கு முன்பே அச்சகத்தாரிடம் பக்கங்கள் தாளில் எப்படி அமர்கின்றன என்ற வரைபடத்தை வாங்கிப் பாருங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தை நான்கு வண்ணத்தில் அச்சிட்டால் ஒரு பக்கம் பச்சையாகவும் அடுத்தது சிவப்பாகவும் சாயும். கறுப்போடு ஒரு சாம்பல் மை சேர்த்து இரண்டு மையில் அச்சிட்டால் அந்தச் சாய்வு வராது, நிழலிலும் ஆழம் கிடைக்கும். பூச்சில்லாத தாள் மையை உறிஞ்சும். காய்ந்த பிறகு கறுப்பு சாம்பலாகும், நடு நிறங்கள் அடைத்துக்கொள்ளும். நான்கு வண்ண அச்சில் எல்லா மையின் சதவீதத்தையும் கூட்டிய மொத்த அளவை 300 சதவீதத்துக்குள் வைத்து, அதே தாளில் எடுத்த சோதனை அச்சை (ப்ரூஃப்) மறுநாள் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது பார்த்துக் கையெழுத்துப் போட்டால் பிறகு வருத்தம்தான்.

மறுமொழி 5

முதுகின் தடிமனை எப்படிக் கணக்கிடுவது? ஒவ்வொரு முறையும் மேலட்டை எழுத்து ஓரத்துக்கு நகர்ந்துவிடுகிறது.

மறுமொழி 4 எழுதியவர்

பக்கத்தைப் பாதியாக்கித் தாளின் தடிமனால் பெருக்குங்கள். 96 பக்கம் என்றால் 48 தாள். தாள் 0.17 மி.மீ. என்றால் 8.16 மி.மீ. கெட்டி அட்டைக்கு இரண்டு பலகையின் கனத்தையும் சேர்க்க வேண்டும். ஜிஎஸ்எம்மை (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வைத்துத் தடிமனை ஊகிக்கக் கூடாது. ஒரே 150 ஜிஎஸ்எம்மில் பூச்சுத் தாள் மெலிதாகவும் பூச்சில்லாத தாள் பருமனாகவும் இருக்கும். அதே தாளில் அச்சில்லாத வெற்று டம்மி ஒன்று தைத்துத் தரச் சொல்லி, அதை அளந்து அட்டை செய்வதுதான் நம்பகமான வழி. அந்த டம்மியிலேயே இழை ஓட்டமும் தெரிந்துவிடும். தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் பக்கம் விறைத்து நிற்கும், மழைக்காலத்தில் முதுகோரம் நெளியும்.

மறுமொழி 6

நூலில் படங்களின் வரிசையை அமைப்பதற்கு 6 × 9 செ.மீ. சின்ன அச்சுகளைத் தரையில் பரப்புங்கள். திரையில் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் தெரியும். தரையில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கலாம், இரண்டு படம் ஒரே வேலையைச் செய்கிறது என்று உடனே பிடிபடும். எதிர்ப் பக்கத்தில் என்ன வருகிறது என்பது படத்தையே மாற்றிவிடும். புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்கின் ‘தி அமெரிக்கன்ஸ்’ நூல் 1958-இல் பாரிஸில் வந்தபோது 83 படங்களுக்கு எதிரே பலருடைய எழுத்துகள் இருந்தன. 1959-இல் அமெரிக்கப் பதிப்பில் அவற்றை எடுத்துவிட்டு இடப் பக்கத்தை வெறுமையாக விட்டார்கள். படங்கள் அதேதான், ஆனால் சமூக ஆய்வு போல இருந்த நூல் ஒரு மனிதரின் பார்வையாக மாறியது. வெற்றுப் பக்கத்தை வீண் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மறுமொழி 7

புகைப்பட நூலை அரங்கில் வைக்கும்போது: எல்லோரும் புரட்டும் பிரதி ஒன்று, கண்ணாடிப் பேழையில் ஒன்று என்று இரண்டு வேண்டும். புரட்டும் பிரதிக்குச் சுத்தமான, ஈரமில்லாத வெறும் கை போதும். வெள்ளைத் துணிக் கையுறையில் தாளின் ஓரம் உணர வராது, அதனால்தான் பக்கம் கிழிகிறது. தனி அச்சுகளைத் தொடுவது வேறு விஷயம், அதற்கு நைட்ரைல் ரப்பர் கையுறை வேண்டும். பேழையில் உள்ள நூலை முழுக்க விரிக்காமல் இரண்டு பக்கமும் நுரைத் தாங்கி கொடுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பக்கத்தை மாற்றுங்கள். மாதக்கணக்கில் ஒரே பக்கம் திறந்திருந்தால் அந்த இரண்டு பக்கம் மட்டும் நிறம் மாறும்.

மறுமொழி 8

கலைஞர் உரைக்கு 40 நிமிடம், கேள்விக்கு 20 நிமிடம். சபைக்கு இரண்டாவது மைக் கட்டாயம். இல்லையென்றால் பதிவில் பதில்கள் மட்டும் இருக்கும், கேள்வி என்னவென்றே தெரியாது. நாற்காலிக்கும் படத்துக்கும் 1 மீட்டர் விடுங்கள், தோள்பைதான் சட்டத்தை இடிக்கிறது. வழிகாட்டி நடைக்கு 15 பேர், 45 நிமிடம், ஐந்தாறு படங்கள். எல்லாப் படத்தின் முன்னும் நின்றால் பின்வரிசையில் இருப்பவர்கள் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மறுமொழி 9

பொதுமக்களுக்கான பயிற்சி என்றால், இரும்பு உப்புப் பூசிய தாளை வெயிலில் காட்டி நீலப் படம் எடுக்கும் சயனோடைப்பை விடச் சிறந்தது எனக்குத் தெரிந்து இல்லை. இருட்டறை வேண்டாம், நீலப் படம் கையோடு வீட்டுக்குப் போகும். புகைப்படங்களைக் கொண்ட நூல் என்பதே 1843-இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இந்த முறையில் அச்சிட்டதில்தான் தொடங்குகிறது.

100 மி.லி. நீரில் 25 கிராம் பச்சை நிற ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட். இன்னொரு 100 மி.லி.யில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. தனித்தனிப் புட்டிகளில் வைத்து, பூசும்போது சம அளவு கலக்க வேண்டும். 20 பேருக்கு அஞ்சலட்டையைப் போல இரு மடங்கு பெரிய தாள் என்றால் 20 + 20 மி.லி. போதும். ஃபெரிசயனைடு பக்கத்தில் வலுவான அமிலம் எதுவும் இருக்கக் கூடாது, நச்சு வாயு வரும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் தாளில் பூசி, இருட்டில் முழுக்கக் காய விடுங்கள். தாளின் மேல் இலையை வைத்து வெயிலில் 5 முதல் 15 நிமிடம். மூடாத பகுதி மஞ்சள் பச்சையிலிருந்து நீலமாகி, கடைசியில் ஈயம் போலச் சாம்பல் பூக்கும்போது எடுத்துத் தண்ணீரில் மஞ்சள் முழுக்கப் போகும் வரை அலச வேண்டும்.

கலைக்கூடத்தில் மட்டும் வரும் ஒரு கோளாறு: இலையையும் தாளையும் அமுக்க, சட்ட வேலையில் மிஞ்சிய அக்ரிலிக் துண்டுகளைக் கொடுப்பார்கள். அவை புற ஊதாக் கதிரைத் தடுப்பவை. அரை மணி நேரம் வெயிலில் வைத்தாலும் வெளிறிய நீலம்தான் வரும், ரசாயனம் கெட்டுவிட்டது என்று கலவையைக் கொட்டிவிடுவார்கள். சாதாரண ஜன்னல் கண்ணாடி போதும்.

மறுமொழி 1 எழுதியவர்

சயனோடைப் என்றதும் ஒரு எச்சரிக்கை. மவுண்டுக்கு அமிலமில்லாத அட்டை வாங்குங்கள் என்றால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் காரத் தன்மையுள்ள கால்சியம் கார்பனேட் சேர்த்த அட்டை. மற்ற அச்சுகளுக்கு அது நல்லது. சயனோடைப்பின் நீலத்துக்குக் காரம் ஆகாது, அந்த அட்டையோடு ஒட்டிக் கிடந்தால் நாளடைவில் வெளிறும். கார்பனேட் சேர்க்காத பருத்தி அட்டையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், பூசும் தாளுக்கும் அதே விதிதான். பயிற்சியில் செய்த படங்களைக் கடைசி நாளில் சுவரில் மாட்டப்போகிறீர்கள் என்றால், அட்டையை முதல் நாளே சொல்லி வையுங்கள்.