ஆறு பேர் குடும்பத்துக்கு எந்த வகை கேரவன் சரிப்படும்?

கோபி_மஞ்சக்காடு:

எல்லோருக்கும் வணக்கமுங்க. கோபி பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். நான், சம்சாரம், பள்ளிக்கூடம் போகும் பசங்க இரண்டு பேர், அப்பா, அம்மா என்று ஆறு பேர். லீவு விட்டால் எங்காவது கிளம்புகிறோம், ஆனால் போன இடத்தில் ரூம் தேடியே பாதி நாள் ஓடிப்போகிறது. அம்மாவுக்குச் சர்க்கரை, ராத்திரியில் அடிக்கடி எழுந்திருக்க வேண்டும். அப்பாவுக்கு முட்டி வலி, ஏணி கீணி ஏற முடியாது. அதனால் வண்டியிலேயே படுத்து, சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒன்று வாங்கலாமா, கட்டலாமா என்று யோசனை. யூடியூபில் பார்த்தால் கிளாஸ் ஏ, கிளாஸ் பி, கிளாஸ் சி, டிராவல் டிரெய்லர், ஃபிஃப்த் வீல், பாப்-அப் என்று அடுக்குகிறார்கள், எது எதற்கு என்றே பிடிபடவில்லை. போக நினைப்பது மைசூர், குடகு, வால்பாறை, அப்புறம் ராமேஸ்வரம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்க.

கரூர்_பாடிப்பட்டறை:

தம்பி, நான் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறவன். இந்த ஏ, பி, சி எல்லாம் அமெரிக்காவில் வைத்துக்கொண்ட பிரிவு. எழுத்து வரிசையில் அளவு இறங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஏ பெரியது, பி சிறியது, சி நடுவில் வரும்.

கிளாஸ் ஏ என்பது பஸ் அல்லது கனரக லாரி சேஸிஸ் (எஞ்சினும் சக்கரமும் மாட்டிய அடிச்சட்டம்) மேல் முழு வீட்டையும் கட்டுவது. முன்பக்கம் தட்டையாகப் பெரிய கண்ணாடியோடு, பார்க்க நம்ம ஆம்னி பஸ் போலத்தான் இருக்கும். 30, 40 அடி நீளமெல்லாம் அங்கே சாதாரணம். சில வண்டிகளில் நிறுத்திய பிறகு பக்கச் சுவரே வெளியே நகர்ந்து அறை அகலமாகும். கிளாஸ் பி, கம்பெனி வேனின் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் கட்டில், அடுப்பு, சின்னக் கழிவறை வைப்பது. கிளாஸ் சி-யில் டிரைவர் கேபின் மட்டும் கம்பெனியுடையது. பின்னால் சேஸிஸ் மேல் தனிப் பெட்டி கட்டி, கேபின் தலைக்கு மேல் ஒரு படுக்கையை நீட்டி விட்டிருப்பார்கள்.

இந்த மூன்றும் தானே ஓடுபவை. மற்றதெல்லாம் எஞ்சின் இல்லாமல் இழுத்துப் போகிற வண்டி. ஃபிஃப்த் வீல் என்பது டிரெய்லர் லாரியில் பார்ப்போமே, அதே தட்டு இணைப்புதான், பிக்கப்பின் பின் தொட்டிக்குள் பின் அச்சை ஒட்டி உட்கார்ந்திருக்கும். பாரம் அச்சின் மேல் இறங்குவதால், பம்பருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுக்கும் டிராவல் டிரெய்லரைவிட ஆட்டம் குறைவு. ஆனால் அதற்கு அங்கே ஓடும் பெரிய பிக்கப் வேண்டும், நம்ம ஷோரூமில் கிடைக்கும் பிக்கப்புக்கு ஆகாது. பாப்-அப் மடித்தால் தாழ்வாக இருக்கும், விரித்தால் இரண்டு பக்கமும் துணிச்சுவரோடு படுக்கை நீளும்.

உங்களுக்கு நீளமான டெம்போ டிராவலர் அளவு வேன்தான் என் கணக்கு. ஆனால் ஒன்று, உட்காரும் ஆளை எண்ணாதீர்கள், படுக்கும் ஆளை எண்ணுங்கள். வண்டி ஓடும்போது ஆறு பேர் பெல்ட் போட்டு உட்காரச் சீட் வேண்டும், ராத்திரி அதே இடம் ஆறு படுக்கையாக மாற வேண்டும். அப்பா அம்மாவுக்குக் கீழ்ப் படுக்கை, கழிவறைக் கதவை ஒட்டியே. பசங்களுக்கு மேலே. உங்கள் இரண்டு பேருக்கு, பகலில் மேஜையாக இருப்பதை இறக்கி மெத்தை விரிக்கிற ஏற்பாடு. பாதி வண்டிக்காரர்கள் ஆறு பேருக்கு என்று சொல்லி நாலு பேருக்குத்தான் கட்டித் தருவார்கள். அளவுக் கோல் எடுத்துப் போய், படுக்கையின் நீளம் ஆறடிக்குக் குறையாமல் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

இன்னொன்று, பழைய டூரிஸ்ட் வேனை வாங்கிச் சீட்டைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஏதாவது விபத்து என்றால் இன்சூரன்ஸில் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று பதிவில் தனி வகையே இருக்கிறது. அந்த வகையில் பதிவு ஆகும்படி, ஒப்புதல் வாங்கிக் கட்டும் இடமா என்று எழுத்தில் கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

திருச்செங்கோடு_ரிக்:

அண்ணன் பாடி பற்றிச் சொல்லிவிட்டார், நான் அதற்குள் இருந்து வாழ்வதைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் போர்வெல் ரிக் ஓடுகிறது. திருச்செங்கோட்டு ரிக் என்றால் உங்களுக்கே தெரியும், வெளி மாநிலம் கிளம்பினால் மாதக்கணக்கில் ஆட்களுக்கு வண்டிதான் வீடு. அதில் பார்த்த வரைக்கும் முதலில் தீர்வது டீசல் இல்லை, தண்ணீர்.

உங்கள் கணக்கையே போடுவோம். ஆறு பேருக்குக் குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, ஆளுக்கு அரை பக்கெட் குளியல் என்று இழுத்துப் பிடித்தாலும் ஒரு நாளைக்கு 100 லிட்டர் போய்விடும். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. அது வண்டியில் எங்கே உட்காருகிறது என்பது முக்கியம். தொட்டியைப் பின் கடைசியில் வைத்துவிட்டால் மலை ஏறும்போது ஸ்டியரிங் லேசாகி, முன் டயர் பிடி குறையும். இரண்டு அச்சுக்கும் நடுவில், தாழ்வாக இருக்கட்டும். உள்ளே குறுக்குத் தடுப்பும் கேளுங்கள், இல்லையென்றால் பாதித் தொட்டித் தண்ணீர் ஒவ்வொரு வளைவிலும் அலம்பி வண்டியையே தள்ளும்.

கழிவறைக்குக் கேசட் வகை போதும். கீழே இருக்கும் பெட்டியை வெளிக்கதவு வழியாக உருவி, உருட்டிக்கொண்டு போய் சாதாரணக் கக்கூஸிலேயே ஊற்றிவிடலாம். 15 முதல் 20 லிட்டர் பிடிக்கும். ஆறு பேரும் போனால் தினம் காலி செய்ய வேண்டியிருக்கும், அதனால் ராத்திரியில் அம்மாவுக்கும் அவசரத்துக்கும் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு முகாம்களில் பெரிய கழிவுத் தொட்டியைக் குழாய் மாட்டி இறக்க இடம் இருக்கும், அந்த வசதியை நம்ம ரோட்டில் எதிர்பார்க்க முடியாது. ஆற்றங்கரையிலோ வாய்க்காலிலோ ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும், தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

கரண்டுக்கு வருவோம். 12 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் இருப்பது 1,200 வாட் ஹவர். ஒரு டன் ஏசி முழுசாக ஓடினால் ஒரு மணி நேரத்தில் காலி. லெட் ஆசிட் பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கவே கூடாது, லித்தியம் என்றால் முக்கால்வாசிக்கு மேல் எடுக்கலாம். அதே பேட்டரியில் இரண்டு சின்ன ஃபேன், எல்இடி லைட், போன் சார்ஜ் என்றால் ராத்திரி முழுக்கத் தாங்கும். சமவெளியில் ஏப்ரல் மே மாதம் ஏசி இல்லாமல் அப்பா அம்மா தூங்க முடியாது, ஆக வெளியிலிருந்து கரண்ட் எடுக்கிற இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும். குடகில் கொசுவலை போட்ட ஜன்னலே போதும்.

உக்கடம்_வழிப்போக்கர்:

என்னிடம் இருப்பது பிக்கப், மேலே மடிப்புக் கூடாரம். நானும் மாப்பிள்ளையும் போக இதைவிடச் சுகம் இல்லை, விரித்துப் படுக்கப் பத்து நிமிடம். ஆனால் ஏணி ஏற வேண்டும், உங்கள் அப்பாவுக்கு ஆகாது, அதோடு விட்டுவிடுங்கள். டிரெய்லர் பக்கமும் போகாதீர்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, எதிரே பஸ் வந்தால் பின்னால் எடுக்க வேண்டிவரும், டிரெய்லர் மாட்டிய வண்டியை அந்த இடத்தில் ரிவர்ஸ் எடுப்பது பழகாத கைக்கு முடியாத காரியம். சினிமா ஷூட்டிங்கில் நிற்கும் கேரவனைப் பார்த்தும் முடிவு எடுக்காதீர்கள், அது ஒரு இடத்தில் நின்று மேக்கப் போட, உடை மாற்றக் கட்டியது, தூரப் பயணத்துக்கு யோசித்துக் கட்டியது இல்லை.

வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். கேரளாவில் 2021-லேயே கேரவன் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கை கொண்டுவந்து, வண்டியோடு நிறுத்துமிடமும் சேர்த்து நடத்துகிறார்கள். பொள்ளாச்சி வழியாகவோ வாளையார் வழியாகவோ நமக்குப் பக்கம்தான். எடுத்தால் ஒரு ராத்திரியோடு திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், இரண்டாவது ராத்திரியில்தான் தண்ணீர், கழிவறை, ஈரத்துணி எல்லாம் என்ன பாடு என்று தெரியும். அம்மா அந்தக் கழிவறைக்குள் நுழைந்து திரும்ப முடிகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். ஊட்டியையும் சேர்ப்பதென்றால் 2024 மே மாதத்திலிருந்து வெளி வண்டிக்கு இ-பாஸ் உண்டு, அதை மறந்துவிடாதீர்கள்.

கோபி_மஞ்சக்காடு:

ரொம்ப நன்றிங்க எல்லோருக்கும். தண்ணீர்க் கணக்கு நான் யோசிக்கவே இல்லாத விஷயம். டிரெய்லர், பாப்-அப் இரண்டையும் விட்டுவிட்டேன், முதலில் வாடகை வேன். இரண்டு சந்தேகம் மட்டும். அந்த அளவு வேனுக்கு என் கார் லைசென்ஸ் போதுமா? மைசூருக்கு எங்களுக்கு சத்தி, திம்பம் வழிதான் பக்கம், அதில் இந்த வண்டி ஏறுமா, வழியில் எங்காவது நிறுத்திப் படுக்கலாமா?

கரூர்_பாடிப்பட்டறை:

வண்டியின் மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் எல்.எம்.வி., அதாவது காருக்கு எடுக்கும் இலகுரக வண்டி லைசென்ஸ் போதும் தம்பி, டெம்போ டிராவலர் அளவெல்லாம் அதற்குள்தான் வரும். மொத்த எடை என்றால் தண்ணீர், ஆள், கேஸ் சிலிண்டர் எல்லாம் சேர்த்து, ஆர்.சி.யில் போட்டிருக்கும்.

திம்பத்தில் 27 வளைவு, பஸ்ஸே போகிற ரோடுதான், வேன் தாராளமாக ஏறும். இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வராமல் இரண்டாவது கியரில் விடுங்கள். ஆனால் அது புலிகள் காப்பகம், பண்ணாரி தாண்டிவிட்டால் காட்டுக்குள் எங்கேயும் நிறுத்திப் படுக்கக் கூடாது, சமைக்கவும் கூடாது. ராத்திரியில் அந்த ரோட்டில் வண்டித் தடையும் உண்டு, எந்த வண்டிக்கு எத்தனை மணி வரை என்று பண்ணாரி சோதனைச்சாவடியில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் சத்தியில் தொட்டியை நிரப்பிக்கொண்டு ஏறினால், மதியச் சமையலைச் சாம்ராஜ்நகர் தாண்டி வைத்துக்கொள்ளலாம். திரும்பும்போது கூடலூர் வழி வருவதாக இருந்தால் பண்டிப்பூர் ரோடு ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடியிருக்கும், குண்டலுப்பேட்டையை வெளிச்சத்திலேயே தாண்டிவிடுங்கள்.