வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்குப் பள்ளியோடும் ஊராரோடும் உறவு அறாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி

வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது. ஏழாம் வயதில் உடல்நலக் குறைவால் ஏறத்தாழ ஆறு மாதம் அவள் பள்ளிக்குப் போக முடியாமல் இருந்தபோது வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினோம். உடல் தேறிய பிறகும், அவள் வீட்டில் பதற்றமில்லாமல் கற்பதைப் பார்த்து, அதையே தொடரலாம் என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். பாடத்தைப் பொறுத்தவரை குறை ஒன்றும் இல்லை. காலையில் இரண்டரை மணி நேரத்தில் மொழியும் கணக்கும் முடிந்துவிடுகின்றன. மீதி நேரத்தில் அவளாகவே படிக்கிறாள், வரைகிறாள், எதையாவது கழற்றிப் பார்த்து மீண்டும் பூட்டுகிறாள்.

சென்ற மாதம் உறவினர் வீட்டு விழாவில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சிதான் என்னை யோசிக்க வைத்தது. பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து ஏதோ ஒரு துரத்தல் விளையாட்டு ஆடினார்கள். யாரும் யாருக்கும் விதிகளைச் சொல்லவில்லை. எங்கே நின்றால் தொடக் கூடாது, யார் ஆட்டத்திலிருந்து விலக வேண்டும், சண்டை வந்தால் யார் சொல்வது முடிவு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருந்தன. என் மகள் சற்று நேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, “இதை இவர்களுக்கு எந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவளை உடனே பள்ளிக்கு அனுப்பும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனால் பள்ளி என்ற உலகத்திலிருந்து அவளை முற்றாகப் பிரிக்கவும் விரும்பவில்லை. அவள் முன்பு படித்த பள்ளியை அணுகி, நூலகத்திலோ விளையாட்டிலோ ஆண்டு விழாவிலோ சேர்த்துக்கொள்ளும்படி கேட்பது முறையா? வெளியில் எத்தகைய குழுக்களில் சேர்த்தால் உண்மையான நட்பு வளரும்? பின்னாளில் அவளே பள்ளிக்குப் போக விரும்பினால் வழி அடைபடாமல் இருக்க இப்போது என்ன செய்து வைக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

முதல் பதில்: இரு பிள்ளைகளை வீட்டில் படிக்கவைத்த ஒரு தந்தை

உங்கள் இரண்டாம் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் நான் பெரிய தவறு செய்தேன். “பிள்ளைகள் யாரோடும் பழகாமல் வளர்கிறார்களே” என்று சுற்றத்தார் கேட்கக் கேட்க, எனக்கு ஒருவித வீம்பு வந்துவிட்டது. நீச்சல், ஓவியம், சதுரங்கம், இசை, கணினி என்று வாரத்தில் ஏழு வகுப்புகளில் சேர்த்துவிட்டேன். ஓராண்டு கழித்துப் பார்த்தால், மூத்தவனுக்கு நாற்பது பிள்ளைகளின் பெயர் தெரியும், ஆனால் அவர்களில் ஒருவர்கூட அவனைத் தேடி வீட்டுக்கு வந்ததில்லை.

எங்கே பிழை என்று பிறகுதான் புரிந்தது. வகுப்பு நடக்கும் ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் ஆசிரியரைப் பார்க்கிறார்கள், ஒருவரையொருவர் பார்ப்பதில்லை. வகுப்பு தொடங்கும் முன் காத்திருக்கும் கால் மணி நேரத்திலும், முடிந்தபின் வாசலில் பெற்றோருக்காக நிற்கும் அரை மணி நேரத்திலும்தான் பேச்சும் விளையாட்டும் நடக்கின்றன. நானோ சரியாக வகுப்பு முடியும் நிமிடத்தில் வண்டியோடு போய் நின்று, அடுத்த வகுப்புக்கு அவர்களை அள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

ஐந்து வகுப்புகளை நிறுத்தினோம். மீதமிருந்த இரண்டுக்கும் இருபது நிமிடம் முன்னதாகப் போய், அரை மணி நேரம் தாமதமாகத் திரும்பினோம். பள்ளிப் பிள்ளைகள் வீடு திரும்பும் மாலை நேரத்தில் எங்கள் வீட்டில் பாடம் எதுவும் இருக்கக் கூடாது என்று விதி வைத்துக்கொண்டோம். வீட்டில் படிப்பவர்களுக்கு நேரம் நெகிழ்வானது என்று பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் மற்றப் பிள்ளைகள் தெருவில் ஆடும் வேளையில் நம் பிள்ளை இசை வகுப்பில் உட்கார்ந்திருந்தால் அந்த நெகிழ்வால் யாருக்கு என்ன பயன்? விடுமுறை நாட்காட்டியையும் பக்கத்துப் பள்ளியின் நாட்காட்டியோடு பொருத்திக்கொண்டோம். நட்புக்கு வேண்டியது பலவகை ஆட்கள் அல்ல, அதே முகங்களை அதே இடத்தில் வாராவாரம் காண்பதுதான். என் மூத்தவனுக்கு முதல் நண்பன் கிடைக்க அப்படி எட்டு மாதம் பிடித்தது.

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் மட்டுமே கூடும் குழுவும் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. எங்கள் குழு பிள்ளைகளுக்காகத் தொடங்கி, பெற்றோரின் கல்விக் கொள்கை விவாதமாகத்தான் முடிந்தது.

இரண்டாம் பதில்: தொடக்கப் பள்ளி ஆசிரியை, 22 ஆண்டுப் பணி

சகோதரிக்கு வணக்கம். பள்ளியை அணுகுவது முறையா என்று கேட்டிருக்கிறீர்கள். முறைதான், ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எதை எண்ணி அஞ்சுவார் என்று தெரிந்துகொண்டு போங்கள். பெயர்ப் பதிவேட்டில் இல்லாத ஒரு குழந்தை வளாகத்தில் விழுந்து அடிபட்டால் யார் பொறுப்பு? அவளை எந்த ஆசிரியர் கவனிப்பார்? மற்றப் பெற்றோர் “எங்கள் பிள்ளையும் வேண்டும்போது மட்டும் வரட்டுமா” என்று கேட்டால் என்ன சொல்வது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் “என் மகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று பொதுப்படையாகக் கேட்டால், தலைமையாசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் முடியாது என்றுதான் சொல்வார்.

ஆகவே சிறிதாகக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், முடிவுத் தேதி வைத்துக் கேளுங்கள். “புதன்கிழமை மாலை விளையாட்டுப் பயிற்சியில் இந்தப் பருவம் முடியும்வரை கலந்துகொள்ள அனுமதி வேண்டும், அந்நேரம் முழுவதும் நான் வளாகத்திலேயே இருப்பேன், பொறுப்பு என்னுடையது என்று கையெழுத்திட்டுத் தருகிறேன்” என்ற கடிதத்துக்கு மறுப்புச் சொல்வது கடினம். கேட்பதற்கு முன் ஏதாவது கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. எங்கள் பள்ளியில் ஒரு தாய் வாரம் ஒரு மணி நேரம் நூலகப் புத்தகங்களை ஒட்டி, அட்டையிட்டு, அடுக்கிக் கொடுத்து வந்தார். அவருடன் வந்த மகன் மூன்று மாதத்தில் எங்கள் பிள்ளைகளில் ஒருவனாகிவிட்டான். அவனைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் விவாதிக்கவே இல்லை!

இது புதுமையான யோசனையும் அல்ல. வீட்டுக் கல்விக்காக 1977ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதழ் தொடங்கிய ஜான் ஹோல்ட் அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். பள்ளிகளைக் கடுமையாக விமர்சித்த அவரே 1983இல், பள்ளிகளும் வீட்டில் கற்பவர்களும் கூட்டாக இயங்கினால் இரு தரப்புக்கும் நன்மை என்று கல்வியாளர்களுக்கான இதழ் ஒன்றில் எழுதினார். ஃபுளோரிடா மாநிலம் 1996இல் வீட்டில் படிக்கும் மாணவர்கள் அரசுப் பள்ளி விளையாட்டு அணிகளில் ஆடலாம் என்று சட்டமே இயற்றியது. இங்கிலாந்தில் பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்க, வாரத்தில் சில நாள் பள்ளியிலும் மற்ற நாள் வீட்டிலும் படிக்கும் ஏற்பாடு உண்டு. ஆனால் அது பெற்றோர் உரிமையாகக் கோரக்கூடியது அல்ல, தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். எனவே உங்கள் இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைவிட, தலைமையாசிரியருக்கு உங்கள்மேல் நம்பிக்கை உண்டா என்பதே பல நேரங்களில் காரியத்தை முடிவு செய்யும்.

பின்னாளில் சேர்ப்பது பற்றி: மாதம் ஒரு கட்டுரை, ஒரு பக்கக் கணக்கு, படித்த நூல்களின் பட்டியல் ஆகியவற்றைத் தேதியிட்டு ஒரே கோப்பில் வையுங்கள். திருத்தி அழகாக்கியவற்றை வைக்காதீர்கள். பிழைகளோடு இருப்பவைதான் ஆசிரியருக்குப் பயன்படும். ஒன்பது வயதில் எழுதியதற்கும் பத்து வயதில் எழுதியதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டால், எந்த வகுப்பில் உட்கார வைக்கலாம் என்பது எங்களுக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மூன்றாம் பதில்: சட்டம் பயின்றவர்

முந்தைய பதிலில் சட்டத்தைச் சற்று இலேசாக எடுத்துக்கொண்டதாகத் தோன்றுவதால் ஒரு குறிப்பு. நாட்டுக்கு நாடு நிலைமை தலைகீழாக மாறுகிறது. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளைக்குத் தக்க கல்வி கிடைக்கச் செய்யும் கடமையைப் பெற்றோர்மேல் வைத்து, அதைப் பள்ளி வழியாகவோ வேறு வகையிலோ நிறைவேற்றலாம் என்கிறது. ஜெர்மனியில் பள்ளிக்குச் செல்வதே கட்டாயம். அதை எதிர்த்துச் சென்ற பெற்றோரின் மனுவை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இல் ஏற்க மறுத்தது. இந்தியாவில் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளை பள்ளியில் சேராமல் இருந்திருந்தாலும் அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது; 14 வயது நிறைந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வு எழுதலாம். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பதிவுகளையும் இப்போதே வாங்கி வையுங்கள். ஆண்டுகள் கடந்து கேட்டால் தேடித் தருபவர் இருக்க மாட்டார்.

நான்காம் பதில்: வீட்டில் படித்து வளர்ந்தவர்

பெற்றோரும் ஆசிரியரும் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிள்ளையின் இடத்தில் இருந்தவன் என்ற முறையில் நானும் சொல்கிறேன். ஏழு வயது முதல் பதின்மூன்று வயதுவரை வீட்டில் படித்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பில் பள்ளியில் சேர்ந்தேன்.

எனக்குத் தனிமை இருந்தது. வகுப்புகளுக்கு அனுப்பியதால் அது தீரவில்லை. எங்கே போனாலும் பெரியவர்கள் “பதினேழு பெருக்கல் எட்டு எவ்வளவு?” என்று என்னைச் சோதிப்பார்கள், நான் வாய் திறக்கும் முன் என் அம்மா எங்கள் கல்வி முறையை விளக்கத் தொடங்குவார். அந்த விளக்கம் முடிவதற்குள் என் வயதுப் பிள்ளைகள் எழுந்து ஓடிவிடுவார்கள். உங்கள் மகளுக்காக நீங்கள் பதில் சொல்லாமல் இருந்தாலே பாதிக் காரியம் முடிந்தது.

பதினோராம் வயதில் ஊர்ப் பொது நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை எண் வரிசையில் அடுக்கும் வேலை கிடைத்தது. நூலகர் ஒரு நாள் நான் வராதபோது, “அவன் வராததால் அந்த வரிசை அப்படியே கிடக்கிறது” என்றாராம். என்னை ஒருவர் எதிர்பார்க்கிறார் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. எனவே, அவள் போய்க் கற்கும் இடத்தைத் தேடுவதைப் போலவே, அவள் வராவிட்டால் ஏதோ ஒன்று நின்றுபோகும் இடத்தையும் தேடுங்கள்.

பள்ளியில் சேர்ந்தபோது பாடம் எனக்குச் சிக்கலாக இல்லை. கடிகாரத்தைப் பார்த்து எழுதுவது, தெரிந்த பதிலைக் கை தூக்கிவிட்டுக் காத்திருந்து சொல்வது, நாற்பது பேரில் ஒருவனாக ஆசிரியர் கண்ணில் படாமல் ஒரு நாள் முழுக்க இருப்பது ஆகிய மூன்றும்தான் திணறடித்தன. முதலாவதை மட்டுமாவது வீட்டில் இப்போதே பழக்கலாம். மாதம் ஒரு முறை அரை மணி நேரம் போதும். கடைசியாக ஒன்று: அவளுக்கு எது குறைகிறது என்று அவளிடமே கேட்டீர்களா?

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. கடைசிக் கேள்வி என்னைக் குத்திவிட்டது. நான் கேட்கவே இல்லை. கேட்டபோது, வகுப்பு எதுவும் வேண்டாம், “அந்த ஓடும் நேரம்” மட்டும் வேண்டும் என்றாள். அவள் சொன்னது பள்ளி இடைவேளையை.

ஆசிரியை எழுதிய மாதிரியிலேயே கடிதம் எழுதி, வாரம் ஒரு நாள் மதிய இடைவேளைக்கு அனுமதி கேட்டேன். எதிர்பார்த்தபடியே, அடிபட்டால் யார் பொறுப்பு என்பதுதான் முதல் கேள்வி. இடைவேளையில் கண்காணிக்க ஆள் போதாது என்றும், வாரம் இருமுறை பள்ளி முடிந்தபின் நடக்கும் விளையாட்டு நேரத்துக்கு வரலாம் என்றும் தலைமையாசிரியர் சொன்னார். பயிற்சியாளர் வர எப்போதும் இருபது நிமிடம் தாமதமாகும், அதுவரை பிள்ளைகள் சும்மாதான் ஓடிக்கொண்டிருப்பார்கள் என்று சற்றுச் சங்கடத்தோடு சொன்னார். எனக்கு அது வரமாகப் பட்டது. ஒரே ஒரு தயக்கம்: அடுத்த கல்வியாண்டில் மகளை முழுநேரமாகச் சேர்ப்பீர்களா என்று கேட்டிருக்கிறார். என்ன சொல்வது?

இரண்டாம் பதில் எழுதிய ஆசிரியை

வாக்குக் கொடுக்காதீர்கள், மறுக்கவும் வேண்டாம். “பருவ முடிவில் மகளையும் அழைத்து வருகிறேன், அவளிடமே கேளுங்கள்” என்று சொல்லுங்கள். அதற்குள் இரண்டு பேருக்கும் அவளைப் பற்றி இப்போது தெரிந்ததைவிடக் கூடுதலாகத் தெரிந்திருக்கும். முதல் நாள் கால்களுக்குப் பொருந்தும் காலணியோடு அனுப்புங்கள். நீங்கள் மைதானத்தின் ஓரத்தில் நிற்காமல் அலுவலக அறை அருகே உட்காருங்கள்.