அலுமினியத் தகடு வெட்ட நைட்ரஜனா, கம்ப்ரெஸர் காற்றா?

ஓசூர்_தகடு
ஓசூர் சிப்காட்டில் ஜாப் ஒர்க் செய்கிறோம். தகடு வெட்ட 3 கிலோவாட் ஃபைபர் லேசர் இருக்கிறது. இதுவரை வெட்டியது பெரும்பாலும் மைல்டு ஸ்டீல். இப்போது 2 மி.மீ., 3 மி.மீ. அலுமினியத்தில் (5052 என்ற கலவை ரகம்) பேனல் பெட்டிகளுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. வெட்டும்போது உருகிய உலோகத்தை ஊதித் தள்ளும் வாயுவுக்கு ஆக்சிஜன் லைன் தயாராக இருப்பதால் அதிலேயே ஓட்டலாம் என்கிறார் ஆபரேட்டர். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பர்கூர்_ஃபேப்
ஆக்சிஜன் வேண்டவே வேண்டாம் சார். இரும்பு எரியும் வெப்பம் வெட்டுக்குத் துணை நிற்கும். அலுமினியத்தில் அதே ஆக்சிஜன் தொல்லை. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அதன் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். உருகிய உலோகத்தை அந்தப் படலம் பிடித்துக்கொள்வதால் விளிம்பு சொரசொரப்பாகி, அடியில் பிசிறு கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். நைட்ரஜன் வாங்குங்கள். அழுத்தம் 12 பாருக்குக் குறையக் கூடாது.

தர்மபுரி_லேசர்
ஆக்சிஜன் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நைட்ரஜன் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள், செலவை யார் கணக்கிடுவது? 2 மி.மீ. நாசில் (வாயு வெளிவரும் முனை), 12 பார் என்றால் மணிக்கு ஏறக்குறைய 30 கன மீட்டர் வாயு போகும். 7 கன மீட்டர் சிலிண்டர் ஒன்று கால் மணி நேர வெட்டுக்குக்கூடத் தாங்காது. சிறிய பட்டறை இதில் எப்படிப் பிழைக்கும்? காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தானே! 16 பார் ஸ்க்ரூ கம்ப்ரெஸர் போட்டால் 3 மி.மீ. வரை தாராளமாக வெட்டலாம்.

பர்கூர்_ஃபேப்
அதே காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் என்பதை விட்டுவிட்டீர்களே. காற்றில் வெட்டிய விளிம்பு மங்கலாக, ஆக்சைடு படிந்து வரும். டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவும் வைத்துப் பற்றவைப்பது) செய்பவரைக் கேட்டுப் பாருங்கள். அந்த விளிம்பைத் தேய்க்காமல் அவர் டார்ச்சையே தொடமாட்டார். வாயுவில் மிச்சம் பிடித்ததைத் தேய்க்கும் கூலியில் கொடுப்பீர்கள்.

தர்மபுரி_லேசர்
எல்லாப் பாகத்தையுமா வெல்டிங் செய்கிறோம்? போல்ட் போடும் பிராக்கெட்டுக்கும் உள்ளே மறையும் தகட்டுக்கும் பளபளப்பு எதற்கு? மேலும், நைட்ரஜனோடு கொஞ்சம் ஆக்சிஜன் கலந்தால் அலுமினியத்தின் அடிப்பிசிறு குறைகிறது. அதற்கென்றே கலவை வாயு இயந்திரங்கள் விற்கிறார்கள். தூய நைட்ரஜன்தான் எப்போதும் சிறந்தது என்ற பேச்சு எனக்கு ஒப்பவில்லை.

மெயின்டெனன்ஸ்_கிருஷ்ணகிரி
இருவரும் வாயுவைப் பற்றியே பேசுகிறீர்கள். காற்றின் சுத்தத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஐப்பசி மழையில் ஓசூர்க் காற்று எவ்வளவு ஈரம் என்று தெரியாதா? கம்ப்ரெஸர் எண்ணெயோடு அந்த ஈரமும் சேர்ந்து லேசர் தலைக்குப் போனால் பாதுகாப்புக் கண்ணாடி கருகும், அடுத்து லென்ஸ். டிரையர், எண்ணெய் ஃபில்டர், கார்பன் ஃபில்டர் மூன்றும் இல்லாமல் காற்றில் வெட்டத் துணியாதீர்கள்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. இரும்பு வெட்டிய தூசி இருக்கும் அதே டஸ்ட் கலெக்டரில் அலுமினியத் தூசியை விடாதீர்கள். இரும்பு ஆக்சைடும் அலுமினியத் தூளும் கலந்து தீப்பிடித்தால் அது தெர்மிட் நெருப்பு, இரும்பையே உருக்கும் வெப்பம். தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். உங்கள் இயந்திரம் இதுவரை இரும்பு வெட்டியது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

ஓசூர்_தகடு
மிக்க நன்றி. கலெக்டரை முழுவதும் சுத்தம் செய்த பிறகே அலுமினியத்தைத் தொடுவோம். வாடிக்கையாளரிடம் விசாரித்தேன்: பெட்டியின் நான்கு மூலையும் டிக் வெல்டிங், வெளியே பவுடர் கோட்டிங். உள் தட்டுகளுக்கு போல்ட் மட்டுமே.

பர்கூர்_ஃபேப்
அப்படியானால் பெட்டிக்கு நைட்ரஜன்தான். ஆக்சைடு படிந்த விளிம்பில் பவுடரும் சரியாகப் பிடிக்காது, உரிந்துவிடும்.

தர்மபுரி_லேசர்
பெட்டிக்குச் சரி, ஏற்கிறேன். உள் தட்டுகளுக்கு நைட்ரஜன் செலவழிப்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். டிரையர் போட்டுக் காற்றில் ஒரு தட்டு வெட்டி, அதன் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். பிறகு பேசலாம்.