நாயைக் கடலில் முக்கினால் உண்ணி செத்துவிடுமாம்!

தெப்பக்குளத்தான்:
இன்னோர் இழையில் நம் வண்டியூர் வாத்தியார் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மண்டை காய்கிறது. அனுப்பானடித் தம்பி ஒருவர், தன் லாப்ரடார் நாயைக் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு ராமேஸ்வரம், தனுஷ்கோடி போய்வரலாமா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. வாத்தியாரின் பதில்: "தாராளமாகப் போ. கடலில் மூணு முக்கு முக்கி எடு. உண்ணி அத்தனையும் செத்து மிதக்கும். டாக்டருக்குத் தண்டம் அழ வேண்டாம்." அதற்குக் கைதட்டல் வேறு.

உண்ணி தண்ணீருக்குள் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கிற பிராணி. வாயைத் தோலுக்குள் செருகி, பசையைச் சுரந்து ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. அதற்குக் கடலாவது, வைகையாவது. இதை நம்பி மருந்து போடாமல் விட்டு, நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்தால் வாத்தியாரா வந்து பார்ப்பார்?

வண்டியூர் வாத்தியார்:
நான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை தம்பி. என் மாமனார் ஊர் தொண்டி. அங்கே நாய்க்கு உண்ணி பிடித்தால் கடல்தான் வைத்தியம். கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன், உண்ணி விழுந்தது. அவ்வளவுதான்.

தெப்பக்குளத்தான்:
முதலில் "செத்து மிதக்கும்" என்றீர்கள். இப்போது "விழுந்தது" என்கிறீர்கள். எது சார்?

வண்டியூர் வாத்தியார்:
விழுந்தது சாகாமல் என்ன செய்யும்? இலங்கைக்கு நீந்திப் போகுமா?

சிப்பிப்பாறை செல்வம்:
இந்தக் கவலையெல்லாம் லாப்ரடார் வளர்க்கிறவர்களுக்கு. நாட்டு நாய் வைத்திருப்பவனுக்கு என்ன? குட்டை முடி, உண்ணி ஏறினால் அன்றைக்கே கண்ணில் பட்டுவிடும், பிடுங்கிப் போடலாம். 2005இல் அஞ்சல் துறை நம் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது தெரியுமா?

ஆனையூர் அக்கா:
தபால்தலையை ஒட்டிக் கடலுக்கு அனுப்பப் போகிறீர்களா செல்வம்? எங்களிடம் இருப்பதும் ராஜபாளையம்தான். வெள்ளை முடி, ரோஸ் மூக்கு. தூத்துக்குடி முத்துநகர் கடற்கரைக்குக் கூட்டிப்போன அன்று வெயிலில் மூக்குத் தோல் வெந்து உரிந்துவிட்டது. மணலில் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி நின்றதே ஒழிய, ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. புறங்கையை மணலில் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் நாயாலும் முடியாது. அப்புறம் ஒரு சந்தேகம், வாத்தியார் பார்த்தது உண்ணியா, தெள்ளுப்பூச்சியா? இரண்டும் வேறு வேறு.

வண்டியூர் வாத்தியார்:
உண்ணியைத் தெரியாதவனா நான்? உண்ணிதான் விழுந்தது.

தெப்பக்குளத்தான்:
செத்தா, உயிரோடா?

மண்டபத்துக்காரன்:
நான் கடலோரத்தில் இருப்பவன், கொஞ்சம் சொல்லட்டுமா? நாயோடு வருகிறவர்கள் முதலில் எந்தப் பக்கம் இறங்குகிறோம் என்று பார்க்க வேண்டும். வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தை நாங்கள் பெண்கடல் என்போம், பெரும்பாலும் அலை குறைவு. தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் இரண்டும் சேரும் இடத்தில் இழுப்பு அதிகம், மனுஷனே இறங்கக் கூடாது. நாய்க்குத் தண்ணீர் காட்ட வேண்டுமென்றால் உச்சிப்புளி பக்கம் அரியமான் கடற்கரைக்குப் போங்கள். சவுக்குத் தோப்பு நிழல் உண்டு. தனுஷ்கோடியில் நிழலே கிடையாது. 2017இல் தார்ச்சாலை வந்த பிறகு கார் கடைசி வரை போகிறது, அதற்காகப் பன்னிரண்டு மணிக்கு நாயைக் காருக்குள் பூட்டிவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள்.

பெரிய ஆபத்து உண்ணி இல்லை, பேத்தை மீன். வலையில் மாட்டுவதை நாங்கள் கரையில் எறிந்துவிடுவோம். உடம்பை ஊதிக்கொள்ளும் மீன், கடும் விஷம். நாய் முகர்ந்து பார்த்து விழுங்கினால் ஆஸ்பத்திரி போகும் வரைகூடத் தாங்காது. கரை ஒதுங்கிக் கிடக்கும் சொறி மீனும் (ஜெல்லி மீன்) அப்படித்தான், செத்துக் கிடந்தாலும் மூக்கில் பட்டால் கொட்டும். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறது. அதற்குள் நாயை அவிழ்த்துவிட்டால் முதல் வேலையாக முட்டை இருக்கும் குழியைத்தான் தோண்டும். கயிறு கையிலேயே இருக்கட்டும்.

தெப்பக்குளத்தான்:
அருமையாகச் சொன்னீர்கள் அண்ணே. ஒரே ஒரு கேள்வி. உங்கள் ஊர் நாய்களுக்கு உண்ணி உண்டா, இல்லையா?

மண்டபத்துக்காரன்:
உண்டு. ஏராளம்.

தெப்பக்குளத்தான்:
கேட்டுக்கொள்ளுங்கள் வாத்தியாரே! கடலைப் பார்த்தே பிறந்து வளர்ந்த நாய்க்கே உண்ணி இருக்கிறது.

வண்டியூர் வாத்தியார்:
அந்த நாய்கள் கடலில் எங்கே இறங்குகின்றன? மீன் திருடத்தானே கரைக்கு வருகின்றன.

மண்டபத்துக்காரன்:
எங்கள் ஊர் நாய் எதையும் திருடாது. நாங்கள் போடுகிறோம், அது தின்கிறது. வார்த்தையைப் பார்த்து விடுங்கள் சார்.

பரமக்குடி பாண்டி:
காரே எதற்கு? ரயிலில் போங்கப்பா. புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாகிவிட்டது.

ஆனையூர் அக்கா:
பாண்டி, ரயிலில் நாயை உங்கள் பக்கத்தில் உட்கார வைக்க ஏசி முதல் வகுப்பில் கூபே என்கிற தனியறை மொத்தமும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் கூண்டு. மதுரை ராமேஸ்வரம் பாசஞ்சரில் கூபேயை எங்கே போய்த் தேடுவது?

பரமக்குடி பாண்டி:
நான் பாலத்தைப் பற்றித்தான் சொன்னேன். நாயைப் பற்றிச் சொல்லவில்லை.

தெப்பக்குளத்தான்:
எல்லாரும் உண்ணியை மறந்துவிட்டீர்கள். நான் மறக்க மாட்டேன்.

என் கதையையும் கேளுங்கள். எங்கள் நாய் அரியமானில் ஆசை தீர நீந்தியது. ஊருக்குத் திரும்பும்போது மானாமதுரை தாண்டி டீக்கு நிறுத்தினோம். உப்புக் காய்ந்து முடியெல்லாம் விறைத்து நிற்கிறது. பின் சீட்டில் விரித்திருந்த வெள்ளைத் துண்டில், ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போலப் பருத்த உண்ணி ஒன்று எட்டுக் காலையும் ஆட்டிக்கொண்டு என் பையன் பிஸ்கட் பாக்கெட்டை நோக்கிப் போகிறது. காதை மடக்கிப் பார்த்தால் உள்ளே சின்னதும் பெரியதுமாக ஒரு கூட்டம். மூணு முக்கா? அது கடலுக்குள் கிடந்தது காலை முழுக்க!

அதோடு முடிந்ததா? நாய் அலையோடு விளையாடுகிற சாக்கில் கடல் தண்ணீரைக் குடித்திருக்கிறது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. வீடு வந்து சேருமுன் காருக்குள் வாந்தி, பேதி. நல்ல தண்ணீர் கேனை நிரப்பிக்கொண்டு போய், நாக்கை நீட்டும் முன்பே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். உண்ணிக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரையைக் கிளம்புமுன் போட வேண்டும். ஈறு வெளுத்து, சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு படுத்தால் உடனே ரத்தப் பரிசோதனை. இதை எழுதாமல் "மூணு முக்கு" என்று எழுதுகிறவரை என்ன சொல்வது?

வண்டியூர் வாத்தியார்:
நீங்கள் ஒழுங்காக முக்கவில்லை. தலையோடு முக்க வேண்டும். காது நனையாவிட்டால் காதில் இருப்பது எப்படிச் சாகும்?

ஆனையூர் அக்கா:
ஐயோ, தலையோடு முக்காதீர்கள்! காதுக்குள் தண்ணீர் தங்கினால் சீழ் வைக்கும். லாப்ரடாருக்குத் தொங்கு காது வேறு.

சிப்பிப்பாறை செல்வம்:
அதனால்தான் சொல்கிறேன், நாட்டு நாய் வாங்குங்கள்.

தெப்பக்குளத்தான்:
உங்களிடம் வாங்கி நான் பட்டது போதாதா? கோம்பை இன நாய்க்குட்டி என்று ஒன்றைத் தலையில் கட்டினீர்கள். வளர்ந்த பிறகு அது எந்த ஊர் நாய் என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. நாய் விற்ற காசு குரைக்காது, ஆனால் நான் குரைப்பேன்.

சிப்பிப்பாறை செல்வம்:
அதன் தாய் சுத்தமான கோம்பை. தகப்பனுக்கு நான் பொறுப்பில்லை. இதைத் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று அப்போதே சொன்னேன்.

அனுப்பானடித் தம்பி:
அண்ணே, கேள்வி கேட்டது நான்தான். சனிக்கிழமை விடியக்காலை நாலு மணிக்குக் கிளம்பலாம் என்றிருக்கிறோம், வெயில் ஏறுமுன் போய்விடலாம். லாட்ஜில் நாயை உள்ளே விடுவார்களா? போன் போட்டால் ஒருவர் சரி என்கிறார், ஒருவர் பெரிய நாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்.

மண்டபத்துக்காரன்:
எடையையும் உயரத்தையும் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. ரேபிஸ் ஊசி போட்ட அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். கோயில் பக்கம் அக்னி தீர்த்தத்தில் மட்டும் நாயை இறக்காதீர்கள். ஜனம் தீர்த்தமாடுகிற இடம், சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

வண்டியூர் வாத்தியார்:
லாட்ஜை விடு தம்பி. நீயே முக்கிப் பார்த்துவிட்டு இங்கே வந்து எழுது. யார் சொன்னது சரி என்று தெரிந்துவிடும்.

தெப்பக்குளத்தான்:
தம்பி, முக்காதே. மாத்திரை போட்டுக் கூட்டிப்போ. உண்ணி இருக்காது.

வண்டியூர் வாத்தியார்:
அப்படி வா வழிக்கு! கடலுக்குப் போய் வந்ததும் உண்ணி இருக்காது என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

தெப்பக்குளத்தான்:
மாத்திரையால் இருக்காது என்றேன்யா! கடலால் இல்லை! நீங்கள் பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் எடுத்தீர்கள்?

வண்டியூர் வாத்தியார்:
கணக்கு. உங்களைப் போல நிறையப் பேரைப் பெயிலாக்கியிருக்கிறேன்.

பரமக்குடி பாண்டி:
மானாமதுரை தாண்டி எந்த டீக்கடை அண்ணே?