மாரியில் ஈரக் கொள்ளி, குசினி முழுக்கப் புகை: குழாயை மாற்றவா?

களுவாஞ்சிக்குடி:
தகரக் கூரைக் குசினி, களிமண் இரட்டை அடுப்பு, 4 அங்குலத் தகரக் குழாயில் புகைபோக்கி. கோடையில் பிழையில்லை. கார்த்திகை மழை தொடங்கியதிலிருந்து பற்ற வைத்தால் கால் மணித்தியாலத்துக்குப் புகை அடுப்பு வாயாலேயே திரும்பி வருகிறது. குழாய் மூட்டுகளால் கறுப்புத் தண்ணீர் வடிகிறது. எரிப்பது கிளிசரியாத் தடியும் தென்னம் மட்டையும். 6 அங்குலக் குழாய் போட்டால் சரிவருமா? இன்னொன்று, வீட்டில் ஒரு மாதக் குழந்தை. இரவுக் குளிருக்குத் தணல் சட்டியை அறைக்குள் வைக்கச் சொல்கிறார்கள். வைக்கலாமா?

ஆரையம்பதி:
6 அங்குலம் வேண்டாம் தம்பி. சின்ன நெருப்புக்குப் பெரிய குழாய் என்றால் புகை மெதுவாக ஏறும், இன்னும் குளிரும். அந்தக் கறுப்புத் தண்ணீர், விறகின் ஆவியும் புகையும் குளிர்ந்த குழாயில் பட்டு வடிகிற தார். பச்சை மரத்தில் பாதிக்குக் கிட்டத் தண்ணீர்தான். 5 கிலோ எரித்தால் 2 லீற்றருக்கு மேல் தண்ணீரை அடுப்பு முதலில் ஆவியாக்கித் தள்ள வேண்டும். அதற்குள் நெருப்பு சூடேறாது. மரத்திலிருந்து கிளம்பும் வாயு எரியாமல் புகையாகவே போய்விடும்.

மணிக்கட்டுத் தடிப்புக்கு மேற்பட்டதையெல்லாம் பிளவுங்கள். பட்டையோடு முழுத்தடியாகக் கிடந்தால் உள்ளீரம் லேசில் வெளியேறாது. கல்லு வைத்து நிலத்திலிருந்து ஒரு சாண் உயர்த்தி, சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் விட்டு அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம். பக்கங்களையும் பொலித்தீனால் மூடினால் பூஞ்சணம்தான் பிடிக்கும். இரண்டு நாளைக்கு வேண்டியதை அடுப்புக்குப் பக்கவாட்டில் உயரக் கம்பிப் பரணில் வையுங்கள், சுவாலைக்கு நேர் மேலே வைக்கவே கூடாது. ஒரு கொள்ளியில் அடையாளம் போட்டு வாரம் ஒருமுறை தராசில் நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. காய்ந்த இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும், ஈரமானது தொப்பென்று கேட்கும். அடுத்த மாரிக்கு வேண்டியதைப் பங்குனியிலேயே பிளந்து கச்சான் காற்றில் போடுங்கள். விறகு முடிந்தது என்று வாவிக்கரையில் தண்ணீருக்குள் வளரும் கண்ணா மரங்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அது சட்டப்படியும் குற்றம்.

அக்கரைப்பற்று:
விறகு பாதிதான். குழாய் வாய் கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும். சுற்றி 10 அடிக்குள் இருக்கும் முகட்டை விட 2 அடி உயர வேண்டும். இல்லாவிட்டால் வாடைக் காற்று முகட்டில் புரண்டு புகையைக் கீழே அமத்தும். மழைத் தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் இடையில் 2 அங்குலமாவது விடுங்கள். 4 அங்குலக் குழாய்க்குக் கணக்குப்படி 1 அங்குலம் போதும், ஆனால் கரி படிந்தால் அது அடைத்துவிடும். பற்ற வைக்கும்போது காய்ந்த பன்னாடை ஒரு கைப்பிடியைக் குழாய் அடியில் எரித்து முதலில் குழாயைச் சூடாக்குங்கள். குழாய் சூடாகாமல் இழுவை வராது. மாரி முடியும்வரை மாதம் ஒருமுறை தேங்காய்ப் பொச்சுக் கட்டொன்றைக் குழாய்க்குள் விட்டு இழுத்துக் கரி எடுங்கள். படிந்த தார் தீப்பிடித்தால் தகரம் சிவந்துவிடும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு: அஸ்பெஸ்டஸ் கூரையைத் துளைக்காதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. குழாயைச் சுவரால் வெளியே எடுங்கள். கிடுகுக் கூரை என்றால் தீப்பிடிக்கப் பொறியே போதும்.

வாழைச்சேனை:
தணல் சட்டி வேண்டாம். கதவு யன்னல் சாத்திய அறையில் வேண்டவே வேண்டாம். புகை அடங்கிய தணலில் இருந்துதான் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு நிறைய வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பெரியவர்களுக்குத் தலையிடி, தலைச்சுற்று, சத்தி (வாந்தி) வரும். குழந்தை ஒன்றும் சொல்லாது, சோர்ந்து தூங்குவது போலத்தான் இருக்கும். அப்படிக் கண்டால் உடனே வெளிக்காற்றுக்குத் தூக்கிக்கொண்டு போய் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். குளிருக்கு உலர்ந்த துணி இரண்டு மடிப்பு, தாயின் உடம்புச் சூடு. படுக்கையைச் சூடாக்க வேண்டுமென்றால் வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வைத்து, குழந்தையைக் கிடத்த முன் எடுத்துவிடுங்கள்.

களுவாஞ்சிக்குடி:
நன்றி. தணல் சட்டி இனி இல்லை. அளந்து பார்த்தேன், குழாய் வாய் முகட்டுக்கு ஒரு அடி கீழே நிற்கிறது. உயர்த்தினால் மூட்டால் வடிவதும் நிற்குமா?

அக்கரைப்பற்று:
நிற்காது. மூட்டு தலைகீழாகப் பொருத்தியிருக்கும். மேல் குழாயின் அடி, கீழ்க் குழாயின் உள்ளே இறங்க வேண்டும். அப்போதுதான் தார் உள்சுவரால் இறங்கி அடுப்பிலேயே எரியும். 3 அடித் துண்டு ஏற்றும்போது எல்லா மூட்டையும் கழற்றித் திருப்புங்கள். நீளம் கூடுவதால் மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் வாடைக்கு நிற்காது.