யாரெல்லாம் ப்ளூ பிளட்? குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு

ஞாயிறு, 6 ஏப்ரல் 2025

கார்த்திக் (8:12): இன்று யாரும் என் டியூக் டீம் பற்றிப் பேச வேண்டாம். நேற்று அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து செமி ஃபைனல். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. 35 விநாடிதான் பாக்கி, 6 பாயின்ட் முன்னால் இருக்கிறோம். அப்புறமும் ஹூஸ்டன் 70-67 என்று ஜெயித்துவிட்டுப் போகிறது.

மீனா (8:20): முதலில் சாப்பிட்டாயா கார்த்தி? நான் டியூக்கின் எதிரணியான நார்த் கரோலினாக்காரிதான், ஆனாலும் அந்தக் கடைசி ஷாட்டுக்கு உங்கள் ஃபிளாக் எழும்பியபோது நானும் சோஃபாவை விட்டு எழுந்துவிட்டேன். பந்து எட்டாமல் போனதும் மனசு கேட்கவில்லை. 18 வயதுப் பையன், 27 பாயின்ட் போட்டவன்.

பாலா (8:31): வருத்தம்தான். ஆனால் ப்ளூ பிளட், அதாவது பரம்பரைப் பெருமை உள்ள டீம் எது என்ற பேச்சு வந்தால் தேசியக் கோப்பையைத்தான் எண்ண வேண்டும். லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏ 11, எங்கள் கென்டக்கி 8. மற்றவர்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

கார்த்திக் (8:34): சித்தப்பா, 2022இல் செயின்ட் பீட்டர்ஸிடமும் 2024இல் ஓக்லண்டிடமும் முதல் சுற்றிலேயே தோற்ற கென்டக்கிதானே இது?

பாலா (8:36): தோற்றதுதான். கென்டக்கியின் ஊரான லெக்சிங்டனில் அந்த இரண்டு ராத்திரியும் எங்கள் தெருவே இழவு வீடு மாதிரி இருந்தது. ஆனால் சின்ன டீமிடம் தோற்றால் ஊரே அழுகிற இடம் எத்தனை இருக்கிறது சொல்.

அகிலா (8:41): கோப்பைதான் கணக்கு என்றால் எங்கள் யூகானை (கனெக்டிகட் பல்கலை) ஏன் யாரும் சொல்வதில்லை? 1999, 2004, 2011, 2014, 2023, 2024. மொத்தம் 6. டியூக்கை விட ஒன்று அதிகம், கரோலினாவுக்குச் சமம். 2023, 2024 இரண்டு வருடமும் போட்டியில் ஒரு மேட்ச்கூடப் பத்துப் பாயின்டுக்குக் குறைந்த வித்தியாசத்தில் ஜெயிக்கவில்லை. "பழைய வீடு இல்லை" என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லுங்கள்.

சுந்தரம் (9:05): இப்போதுதான் பார்த்தேன். வெறும் கோப்பைக் கணக்கு போதாது என்பது என் கருத்து. ஒரு பெரிய கோச் வந்தால் எந்தக் கல்லூரியும் உயரும். அவர் போன பிறகும் நிற்கிறதா? அதைத்தான் பார்க்க வேண்டும். கென்டக்கியில் ரப், ஹால், பிட்டினோ, டபி ஸ்மித், கலிப்பாரி என்று ஐந்து பேர் கோப்பை வாங்கியிருக்கிறார்கள். கரோலினாவில் மூன்று பேர். கான்சாஸிலும் மூன்று. யூகானில் கால்ஹூன், ஆலி, ஹர்லி. அகிலா சொல்வது நியாயம்தான், யூகானைச் சேர்த்தே ஆக வேண்டும்.

அகிலா (9:07): பெரியப்பா ❤️

பாலா (9:09): அண்ணா, அப்படிப் பார்த்தால் யுசிஎல்ஏ?

சுந்தரம் (9:14): 11இல் 10 கோச் வுடன் காலத்தது. 1967 முதல் 1973 வரை தொடர்ந்து ஏழு வருடம்! அதை இனி யாரும் தொடப் போவதில்லை. ஆனால் அவருக்குப் பிறகு 1995இல் ஒன்றே ஒன்றுதான், அதற்கும் 30 வருடம் ஆகிவிட்டது. பழைய பெருமை என்பேன், இன்றைய ப்ளூ பிளட் என்று சொல்ல மனம் வரவில்லை. இண்டியானாவும் அப்படித்தான், 1987உடன் நின்றுவிட்டது.

கார்த்திக் (9:16): டியூக்?

சுந்தரம் (9:21): கோபப்படாதே. ஐந்தும் கோச் ஷஷெவ்ஸ்கி ஒருவர் வாங்கியது. இன்னொரு கோச் ஒன்று வாங்கட்டும், அன்றைக்கு நானே எழுதித் தருகிறேன்.

கார்த்திக் (9:40): இது வலிக்கிறது பெரியப்பா. எங்கள் கேமரன் அரங்கில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மொத்தமே 9,314 இருக்கை. மாணவர்கள் ஒரே நேரத்தில் குதிக்கும்போது மரப்பலகை காலுக்குக் கீழே வளையும். ஒரு மேட்ச் டிக்கெட்டுக்காக ஜனவரிக் குளிரில் கூடாரம் போட்டுப் படுத்திருக்கிறேன். புது கோச் ஷையர் வந்து மூன்றே சீசன், அதற்குள் ஃபைனல் ஃபோர், அதாவது கடைசி நான்கு டீமில் ஒன்று. கான்சாஸுக்கு அடுத்த கோப்பை வர எத்தனை வருடம் ஆனது? 1952க்கு அடுத்தது 1988. 36 வருடம்! அந்த இடைவெளியில் யாராவது கான்சாஸைப் பட்டியலில் இருந்து எடுத்தார்களா?

மீனா (9:43): பெரியண்ணா, இதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சுந்தரம் (10:15): யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 1988இல் நான் கான்சாஸ் பல்கலை இருக்கிற லாரன்ஸில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். அந்த சீசனில் 11 மேட்ச் தோற்ற டீம். ஆனாலும் அவர்களுடைய அரங்கம் ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் காலியாகி நான் பார்த்ததில்லை. மேலே உயரத்தில் ஜன்னல்கள், மதிய மேட்ச் என்றால் வெயில் சாய்வாக ஆட்களின் மேல் விழும். மேட்ச் முடிகிற நேரத்தில் ராக் சாக் என்ற கான்சாஸ் கோஷத்தைக் கோவில் மந்திரம் மாதிரி மெதுவாகத் தொடங்குவார்கள், முதுகுத்தண்டு சிலிர்க்கும். இறுதிப் போட்டியில் எங்கள் டேனி மானிங் 31 பாயின்ட், 18 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது). ஓக்லஹோமாவை 83-79 என்று ஜெயித்த ராத்திரி தெருவில் முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். ஊருக்கு வந்து எட்டு மாதமே ஆன பையன் நான்.

கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்தான் அங்கே முதல் கோச். அவர் ஜெயித்தது 55, தோற்றது 60. கான்சாஸ் கோச்களில் வெற்றியை விடத் தோல்வி அதிகம் உள்ளவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவருடைய மாணவர் ஃபாக் ஆலன். பாலா, உன் ரப்பும், மீனா, உன் டீன் ஸ்மித்தும் அந்த ஆலனிடம் விளையாடியவர்கள். கோப்பை வராத வருடங்களிலும் அந்த இடத்தை விட்டு ஜனம் போகவில்லை. நீ கேட்டது சரி கார்த்தி. 36 வருடத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை.

கார்த்திக் (10:18): 🙏

மீனா (10:22): 2022 செமி ஃபைனலில் ஷஷெவ்ஸ்கியின் கடைசி மேட்ச், 81-77, கரோலினா நாங்கள்தான் ஜெயித்தோம். அடுத்த சீசனை நம்பர் ஒன் என்று தொடங்கினோம், கடைசியில் போட்டிக்கே தேர்வாகவில்லை. அதனால் நான் யாரையும் பட்டியலில் இருந்து எடுக்க மாட்டேன்.

அகிலா (17:32): பெண்கள் ஃபைனலில் எங்கள் யூகான் ஜெயித்துவிட்டது, 82-59!!! அதுவும் சௌத் கரோலினாவை!! ஹாஸ்டல் ஹாலில் யாருக்கும் குரல் இல்லை. அஸி ஃபட் 24 பாயின்ட். கடைசியில் எங்கள் வீராங்கனை பெய்ஜ் வெளியே வந்து கோச்சைக் கட்டிக்கொண்டு அழுதபோது நாங்களும் அழுதுவிட்டோம். 2016க்குப் பிறகு இன்றுதான். பெண்களுக்கு 12ஆவது கோப்பை!

பாலா (17:35): வாழ்த்துகள் கண்ணு! 12 என்றால் யுசிஎல்ஏ ஆண்களையும் தாண்டியாகிவிட்டது.

அகிலா (17:38): பெரியப்பா, ஒரு கேள்வி. 12உம் எங்கள் கோச் ஆரியெம்மா ஒருவர் வாங்கியது. 1985இல் வந்தவர், இன்னும் அவர்தான். டென்னசி பெண்களின் 8உம் கோச் பாட் சம்மிட் ஒருவர் வாங்கியது. உங்கள் கணக்குப்படி இரண்டு பேரும் ப்ளூ பிளட் இல்லையா?

சுந்தரம் (17:55): இல்லை என்று எழுத என் கை வராது அம்மா. காலையில் நான் சொன்னது தப்பு. நாற்பது வருடம் ஒருவரே கட்டிக் காப்பாற்றினால் அதுவும் வீடுதான். டியூக்கையும் சேர்த்துக்கொள், கார்த்தி.

கார்த்திக் (17:57): எழுதித் தருகிறேன் என்றீர்கள் 😊

சுந்தரம் (17:58): இதுதான் எழுத்து. வைத்துக்கொள்.

மீனா (18:10): நாளை ஆண்கள் ஃபைனல் ஃப்ளோரிடாவும் ஹூஸ்டனும். நம் பட்டியலில் இரண்டுமே இல்லை. ஹூஸ்டன் 1983, 1984 இரண்டு முறையும் ஃபைனலில் தோற்றது, இதுவரை ஒரு கோப்பைகூட இல்லை. எனக்கு அவர்கள் ஜெயிக்க வேண்டும் என்றிருக்கிறது. கார்த்தி, டர்ஹமிலிருந்து அரை மணி நேரம்தானே, ராத்திரி இங்கே வந்துவிடு. இடியாப்பமும் சொதியும் வைக்கிறேன்.

கார்த்திக் (18:12): வருகிறேன் அத்தை. ஆனால் ஹூஸ்டனுக்குக் கை தட்ட மாட்டேன்.