விசுவமடு வீட்டில் அம்மாவுக்கும் பெறாமகனுக்கும் எங்கே உதவி கேட்பது?

கேள்வி: வவுனியாவிலிருந்து ஒரு மகள்

நான் வவுனியாவில் வேலை செய்வதால் வார இறுதியில் மட்டுமே விசுவமடுவிலுள்ள வீட்டுக்குப் போகிறேன். அங்கே 71 வயதான அம்மாவும், அக்காவும், தரம் 9 இல் படிக்கும் அக்காவின் மகனும் இருக்கிறார்கள். 2009 மே மாதத்தில் காணாமல் ஆக்கப்பட்ட என் தம்பிக்காக அம்மா இன்றைக்கும் இரவில் ஒரு கோப்பையில் சோறு போட்டு மூடி வைக்கிறார். சில மாதங்களாக அவருக்கு நித்திரை இல்லை. இரண்டு மணிக்கு எழுந்து படலையடிக்குப் போய்விட்டு வருகிறார். சென்ற வாரம், "நான் இருந்து என்ன பிரயோசனம்" என்று கேட்டார். பெறாமகனோ காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்கிறான். பத்து மணிக்கு வலி போய்விடுகிறது, பள்ளிக்கூடமும் போய்விடுகிறது. அக்கா அவனுக்குக் கோயிலில் நூல் கட்டுவித்தார். மனநலப் பிரிவுக்குப் போனால் விசர் என்று ஊர் சொல்லும் என்று மறுக்கிறார். யாரை முதலில் கவனிப்பது? யாழ்ப்பாணத்துக்கு அழைத்துச் செல்லத்தான் வேண்டுமா?

பதில் 1: ஓய்வுபெற்ற உளசமூகப் பணியாளர்

அம்மாவைத்தான், அதுவும் இந்த வாரமே. அவர் சொன்ன அந்த ஒரு வசனத்தைப் பெருமூச்சு என்று விட்டுவிடாமல், சாக வேண்டும் போலிருக்கிறதா என்று பக்கத்தில் இருந்து நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வயலுக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்கள் வீட்டில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதம் கொண்ட நாடுகளுள் ஒன்றாக இருந்த இலங்கையில், 1995 முதல் கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்ட பின்னர் அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. சாக நினைக்கும் அந்த நேரத்தில் நஞ்சு கைக்கு எட்டாமல் இருப்பதே பலரைக் காப்பாற்றுகிறது. இரவில் பயமாக இருந்தால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

யாழ்ப்பாணம் தேவையில்லை. உங்கள் ஊர் நிர்வாகத்தில் முல்லைத்தீவு மாவட்டம் என்றாலும், பரந்தன் வீதியால் கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போவதுதான் சுலபம். அரச வைத்தியசாலையில் எந்த மாவட்டம் என்று பார்த்து மறுப்பதில்லை, கட்டணமும் இல்லை. மனநலக் கிளினிக் எந்த நாள் என்று மட்டும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். தம்பி இனி வரமாட்டான் என்று அம்மாவை ஏற்றுக்கொள்ள வைக்க யாரும் முயலக்கூடாது, வைத்தியர் உட்பட. உடலையும் காணாத, சேதியும் வராத இப்படியான இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்று அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் அழைத்தார். காத்திருப்பது நோயல்ல, நித்திரையின்மைக்கும் சாக நினைப்பதற்கும்தான் வைத்தியம். மூடி வைத்த சோறு அப்படியே இருக்கட்டும்.

பதில் 2: கிளினிக் கொப்பிக்காரன், மாங்குளம்

மேலே சொன்னது சரி. ஆனால் கிளினிக்கில் நிம்மதியாகப் பேசலாம் என்று நம்பிப் போகாதீர்கள். நான் போகும் இடத்தில் ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிர்ஷ்டம், வைத்தியர் மாற்றலாகிப் போனால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஆகவே அம்மா எத்தனை மணி நேரம் நித்திரை கொள்கிறார், பிரஷருக்கோ சீனிக்கோ என்ன குளிசை எடுக்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மனச்சோர்வுக்கான குளிசை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். நான் பத்தாம் நாளே, ஒன்றும் மாறவில்லை என்று நிறுத்திவிட்டுப் பட்ட பாடு போதும்.

இன்னொன்று. கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் போராட்டத்தைத் தொடங்கியபோது, என் பெரியம்மாவும் அந்தக் கொட்டகைக்குப் போய் இருந்தார். பதில் கிடைக்கும் என்று அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அங்கே யாருக்கும் எதையும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை என்பார். அப்படி நாலு பேர் அம்மாவுக்கு இருக்கிறார்களா?

பதில் 3: ஆசிரியை, புதுக்குடியிருப்பு

பிள்ளையின் வயிற்றுவலி நடிப்பல்ல. ஒருமுறை வைத்தியரிடம் காட்டி உடலில் கோளாறு இல்லை என்று உறுதிசெய்த பிறகு, பள்ளிக்கூடத்தில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியரோடு பேசுங்கள்; முதலில் இரண்டு பாடவேளைக்கு மட்டும் வரச் சொல்லி, பிறகு மெல்லக் கூட்டலாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். அங்கே போவதை யாரும் விசர் என்று சொல்லமாட்டார்கள், அக்காவும் சம்மதிக்கக்கூடும். கட்டிய நூலை அவிழ்க்கச் சொல்லாதீர்கள். இருவருக்கும் நடுவில் நிற்கும் அந்த அக்காவைப் பற்றி நூல் கட்டியதையும் மறுத்ததையும் தவிர நீங்கள் எதுவும் எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

அவன் இரவில் எங்கே படுக்கிறான்?

கேள்வி கேட்டவர்

அம்மாவின் பக்கத்தில்தான் படுக்கிறான். சனிக்கிழமை கேட்டபோது, "அம்மம்மா எழும்பினா நானும் பின்னால போவன் சித்தி, படலைக்குப் போற வழியில கிணறு இருக்கு" என்றான். நித்திரை இல்லாதவர் ஒருவரல்ல என்பது அப்போதுதான் விளங்கியது. மாட்டுக்கொட்டிலில் இருந்த இரண்டு மருந்துப் போத்தல்களையும் எடுப்பித்துவிட்டேன். கிளினிக் நாளுக்கு விடுமுறை கேட்டிருக்கிறேன். அதுவரை இரவில் அம்மாவோடு படுப்பது நானும் அக்காவும் மாறி மாறி. அவன் முன் விறாந்தையில் தனியாகப் படுக்கச் சம்மதித்திருக்கிறான், கதவைத் திறந்து வைத்தால்.